தேகப் பயிற்சியும் மனத் திடமும்

ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் பக்கத்து மக்களில் பலர் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் தாணிப்பாறை வழியாகச் சதுரகிரி மலை ஏறுகிறார்கள். இறங்கி வந்ததும், உடம்பு லேசாயிற்று, மனது தெளிந்தது, எல்லாம் மகாலிங்கத்தின் கிருபை என்கிறார்கள். உடம்பு லேசானது வாஸ்தவமே. ஆனால் டோலியில் உட்கார்ந்து போகிறவனுக்குக் கிடைக்காத கால் உரம், டோலி தூக்குகிறவனுக்குக் கிடைக்கிறதே! அப்படியானால் பலன் தந்தது கல்லா, காலா என்று கேட்கின்றோம்.

2015ஆம் வருஷம் மே மாதம் அதே மலையில் திடீரென வந்த காட்டாற்று வெள்ளத்தில் பக்தர்கள் பலர் மாண்டார்கள். அவர்களுக்காக வருந்துகின்றோம். ஆனால் சிக்கிக்கொண்டவர்களை மீட்டவர்கள் மனிதர்களே அல்லாமல் மகாலிங்கமல்ல என்பதையும் சொல்லாமலிருக்க முடியவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரும் அப்படியே. ஆயிரக்கணக்கான தோள்கள் இழுக்கின்றன; பெருமை மட்டும் மேலே அசையாமல் உட்கார்ந்திருக்கும் பொம்மைக்கு!

தேகப் பயிற்சியில் ரகசியம் ஒன்றுமில்லை. தசைக்கு அதன் சக்திக்குச் சற்று மேலான வேலை கொடுத்து, பிறகு ஆகாரமும் ஓய்வும் கொடுத்தால், அது முன்னைவிடப் பலமாக வளர்கிறது. எலும்பும் இருதயமும் அவ்விதமே. மனமும் இதில் பாடம் கற்கிறது. தினம் மூச்சு வாங்க ஓடுகிறவனுக்கு, மூச்சு வாங்கினால் செத்துப்போக மாட்டோம், சற்றுப் பொறுத்தால் தணியும் என்பது அனுபவத்தில் தெரியும். ஆகவே மில் வேலை போனாலும், மழை பொய்த்தாலும், அவன் ஜோசியனையும் தாயத்தையும் தேடி ஓடாமல், அடுத்து என்ன செய்யலாமென்று யோசிப்பான்.

ஆனால் வயிறார உண்ணாதவனுக்குத் தேகப் பயிற்சி உபதேசம் செய்வது அயோக்கியத்தனமாகும். பயிற்சி வேறு, ஓய்வும் கூலியும் இல்லாத மாடு உழைப்பு வேறு. உழைத்த உடம்பைக் கீழ்ஜாதி என்றும், உட்கார்ந்து தின்ற உடம்பை மேல்ஜாதி என்றும் சொன்ன நாடல்லவா இது?

தோழர்களே! ஊருக்கு ஒரு பொது மைதானம் வேண்டும். ஓட்டமோ, சிலம்பமோ, கூடைப்பந்தோ எதுவானாலும் சரி. அங்கே அனுமார் படமும் கற்பூரமும் வேண்டாம். தெருவுக்கொரு கூடம், ஜாதிக்கொரு வாத்தியார் என்பது கூடவே கூடாது. பெண்களும் அங்கே தடையின்றி வரவேண்டும். ஓடத் தெரிந்த பெண்ணை வீட்டில் பூட்டி வைப்பது அவ்வளவு சுலபமல்ல. எவன் காலிலும் விழாதிருக்க வேண்டுமானால், முதலில் நம் காலில் நாம் நிற்கப் பழக வேண்டும்.