மடையைத் தேர்ந்தெடுப்போம்

கல்லணையில் காவிரி, வெண்ணாறு, புதுஆறு எனப் பிரிந்து செல்லும் நீர் ஒன்றே. ஆற்றுநீர் ஊருக்குப் பொது. அதனைத் தன் வயலுக்குத் திருப்பும் மடை உழவருக்கு உரியது. இணைய உரையாடலும் தொடக்கத்தில் இவ்வாறே அமைந்தது.

பின்லாந்தில் 1988ஆம் ஆண்டு யார்க்கோ ஓய்கரினென் உருவாக்கிய ஐ.ஆர்.சி. உரையாடல் வலையமைப்பின் நெறிமுறை அனைவருக்கும் வெளிப்படையானது. ஆதலால், அதில் இணைவதற்கான செயலியை எவரும் எழுத முடிந்தது. பயனர் செயலியை மாற்றினாலும் நண்பர்களை இழக்கவில்லை. இன்றைய யூ.பி.ஐ. பணப்பரிமாற்றமும் இத்தகையதே. அனுப்புபவரும் பெறுபவரும் வெவ்வேறு செயலிகளை வைத்திருக்கலாம்.

வாட்ஸ்அப்பிலோ ஆறும் மடையும் ஒரே நிறுவனத்திடம் உள்ளன. 2021ஆம் ஆண்டு அதன் தனியுரிமைக் கொள்கை மாற்றம் அறிவிக்கப்பட்டபோது பலர் வெளியேற எண்ணினர். ஆயினும், உறவினர் குழுவையும் முறைப்பாசனச் செய்தி பகிரும் உழவர் குழுவையும் விட்டு வருவது எளிதன்று. அவ்வாண்டே சோகோ நிறுவனத்தின் ‘அரட்டை’ செயலி வெளிவந்தது. நம் மண்ணின் படைப்பு என்பது பெருமைக்குரியது. எனினும், அதற்கு மாறுபவர், எதிர்முனையில் இருப்பவரையும் மாறச் செய்தாலன்றி அவருடன் உரையாட இயலாது.

எனவே மாணவர்களே, செயலியைத் தேர்ந்தெடுக்கும்பொழுது அதன் அழகையும் விரைவையும் மட்டும் நோக்காதீர்கள். செய்திகள் மறையாக்கம் செய்யப்படுகின்றனவா, வலையமைப்பு யாருடையது, வெளியேறினால் நண்பர்களுடன் தொடர்ந்து உரையாட முடியுமா என வினவுங்கள். மடையை மாற்றும் உரிமை நம்மிடம் இருந்தால்தான் ஆறு நமக்குப் பொதுவாகும்.