ஜாய்ஸ்டிக்குக்கு ஏற்ற விளையாட்டு எது?

ஆர்கேட் கேபினெட் ஒன்றைச் செய்து, உள்ளே ராஸ்பெர்ரி பை கணினியை வைத்து, எமுலேட்டர் மூலம் நிண்டெண்டோ முதல் பிளேஸ்டேஷன் வரை வீட்டு கன்சோல் விளையாட்டுகள் அனைத்தையும் ஏற்றிவிடுகிறார்கள் ரெட்ரோ ஆர்வலர்கள். எத்தனை ஆயிரம் விளையாட்டுகள் ஓடுகின்றன என்பதே அங்கே பெருமை. திரையில் ஓடுகிற எல்லாமே கையால் ஆடக்கூடியவை அல்ல. எதை ஏற்றுவது என்பதைக் கணினியின் திறனைப் பார்த்து முடிவுசெய்வதைவிட, பலகையில் இருக்கும் ஜாய்ஸ்டிக்கையும் பட்டன்களையும் பார்த்து முடிவுசெய்வதே சரி.

வீட்டு விளையாட்டுக்கு கேபினெட்டில் இடமே இல்லை என்று வாதிடுவோரும் உண்டு. அதை ஏற்க முடியாது. நிண்டெண்டோ நிறுவனமே 1986இல் பிளேசாய்ஸ்-10 என்ற ஆர்கேட் இயந்திரத்தில் தன் வீட்டு விளையாட்டுகளை வைத்து, போடும் காசுக்கு ஏற்ற நேரம் ஆடவிட்டது. 1990இல் வந்த நியோ ஜியோவில் ஆர்கேடுக்கும் வீட்டுக்கும் ஒரே விளையாட்டுகள்தான். வீட்டு இயந்திரத்தோடு கொடுத்ததும் பெரிய ஜாய்ஸ்டிக்கே. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 இன்னும் வலுவான சான்று. 1991இல் ஆர்கேடில் வந்தபோது மூன்று குத்து, மூன்று உதை என ஆறு பட்டன்கள் இரண்டு வரிசையில் இருந்தன. மறு ஆண்டு சூப்பர் நிண்டெண்டோவுக்குப் போனபோது, ஆறில் இரண்டு கேம்பேடின் மேல்விளிம்புக்கு ஒதுங்கின. அந்த வீட்டுப் பதிப்பை கேபினெட்டில் ஆடுபவருக்கு ஆறும் மறுபடி விரல்களுக்கு நேராகவே கிடைக்கின்றன.

சிக்கல் 1996இல் வந்த நிண்டெண்டோ 64இல் தொடங்குகிறது. அதன் அனலாக் குச்சி எவ்வளவு சாய்கிறது என்பதையும் அளக்கும். சாதாரண ஆர்கேட் ஜாய்ஸ்டிக்கின் அடியில் இருப்பவை நான்கு சுவிட்சுகள். அவற்றுக்குத் தெரிந்தது எட்டுத் திசை மட்டுமே. சூப்பர் மரியோ 64இல் தூங்கும் பிரானா செடியை எழுப்பாமல் நெருங்க, குச்சியை லேசாகச் சாய்த்து அடிமேல் அடி வைக்க வேண்டும். ஆர்கேட் ஜாய்ஸ்டிக்கிலோ மரியோ எடுத்த எடுப்பில் ஓடுவார், செடி விழித்துக்கொள்ளும். மெல்ல நடக்கத் தனியாக ஒரு பட்டனை ஒதுக்கலாமே என்பார்கள். ஒதுக்கலாம்தான். அப்படிச் செய்தாலும் நடைக்கும் ஓட்டத்துக்கும் நடுவிலுள்ள வேகங்களும், எட்டுத் திசைக்கு இடைப்பட்ட கோணங்களும் கிடைக்கப்போவதில்லை. அந்த விளையாட்டின் உயிரே அவற்றில்தான் இருக்கிறது.

எனவே கேபினெட் செய்பவர்கள் 8-பிட், 16-பிட் காலத்து விளையாட்டுகளைத் தாராளமாக ஏற்றட்டும். ஒவ்வொரு கன்சோலுக்கும் பட்டன் வரிசையைத் தனித்தனியாக அமைக்கட்டும். அனலாக் குச்சியை நம்பியவற்றைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். அவையும் வேண்டுமென்றால், பெட்டியின் முகப்பில் ஒரு யுஎஸ்பி துளை வைத்து கேம்பேடை இணைத்து ஆடுங்கள்.