சக வியாபாரியிடமும் "ஆயிரத்துக்குக் குறைந்து இல்லை" என்பதா?

இந்தப் பக்கங்களில் வாடகை, வரி, எடைக்கல் முத்திரை என்றே பெரும்பாலும் பேசி வருகிறோம். இந்த முறை பூக்கடைக்காரர்கள் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்கிறோம். வெளியூர்க் கடையோடு கொடுக்கல் வாங்கல் உள்ள மற்றத் தொழில்காரர்களுக்கும் இது பொருந்தும்.

சில மாதங்களுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை. முகூர்த்தமும் இல்லை, விசேஷமும் இல்லை. திருச்சியில் உள்ள எங்கள் கடைக்குக் காலை ஒன்பது மணிக்கு ஒரு வாடிக்கையாளர் வந்தார். இருபது வருடமாகப் பூ வாங்குகிறவர். தெற்கே முந்நூறு கிலோமீட்டர் தள்ளி அவருடைய பழைய முதலாளி காலமாகிவிட்டார். இவருக்குக் காலில் கட்டு, பயணம் போக முடியாது. மதியம் இரண்டு மணிக்கு எடுக்கிறார்களாம். "என் பேரில் ஒரு ரோஜா மாலை போய்ச் சேர்ந்தால் போதும்" என்று 400 ரூபாயை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

அந்த ஊரில் நமக்குத் தெரிந்த ஒரு கடைக்குப் போன் செய்தோம். பெரிய கடை, நல்ல பெயர் உள்ள கடை. எடுத்த தம்பி விவரம் முழுக்கக் கேட்கவில்லை. "டெலிவரின்னா ஆயிரத்துக்குக் குறைஞ்சு எடுக்கிறதில்லை சார்" என்றார். துக்க வீடு என்று சொல்வதற்குள் போனை வைத்துவிட்டார். எதிரே நின்ற வாடிக்கையாளர் நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடத்தில் அவர் முன்னால் அப்படித் தலைகுனிந்து நின்றதில்லை.

பிறகு மண்டியில் விசாரித்து, அதே ஊரில் கோயில் வாசலில் மாலை கட்டும் ஒரு பெரியவரின் நம்பரைப் பிடித்தோம். "பணத்தை அப்புறம் பார்த்துக்கலாம் அண்ணாச்சி, நேரம் போகுது, விலாசத்தைச் சொல்லுங்க" என்றார். பன்னிரண்டரை மணிக்கு மாலை போய்ச் சேர்ந்தது. பேரனை சைக்கிளில் அனுப்பியிருக்கிறார்.

அன்று முழுவதும் அந்தப் பெரிய கடை மீது கோபமாக இருந்தது. இரவு கல்லாவை எண்ணும்போதுதான் கணக்கு போட்டுப் பார்த்தோம். கணக்கில் அந்தத் தம்பி சொன்னது தப்பில்லை.

400 ரூபாய் மாலைக்குப் பூ 180, கட்டுகூலி 60, நாரும் ஜரிகையும் கவரும் 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். கொண்டுபோய்க் கொடுக்கப் பெட்ரோல் 40, பையன் ஒரு மணி நேரம் கடையில் இல்லாததற்கு 70. ஆக 370. ஆர்டர் பிடித்துக் கொடுத்த கடை ஐந்தில் ஒரு பங்காக 80 ரூபாயை எடுத்துக்கொண்டால் செய்கிற கடைக்கு வருவது 320. கைநஷ்டம் 50. அதையே ஆயிரம் ரூபாய் ஆர்டராக வைத்துப் பாருங்கள். பூ 480, கூலி 120, கவர் முதலியன 30, வண்டிக்கும் பையனுக்கும் அதே 110. மொத்தம் 740. வருவது 800. அறுபது ரூபாய் நிற்கிறது. வண்டிச் செலவு மாலைக்குத் தகுந்தபடி ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. குறைந்தபட்ச ஆர்டர் என்ற விதி பிறந்ததே அதனால்தான்.

பொக்கே கடைகளுக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. ஓசூர் ரோஜா இருபது கொண்ட கட்டாக வருகிறது. ஆறு பூவுக்கு ஒரு கட்டைப் பிரித்தால் மீதிப் பதினான்கை யாராவது கேட்டு வருகிற வரை தண்ணீரில் வைத்துக் காத்திருக்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் வெளி இதழ் கறுத்துவிடும். மளிகைக் கடையில் பிரித்த மூட்டை மறுநாளும் மூட்டைதான். பூவுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. உதிரிப்பூவிலும் இதே கதைதான். தோவாளையிலோ மதுரை மாட்டுத்தாவணியிலோ மொத்தக் கடையில் போய் நூறு கிராம் மல்லிகை கேட்டால் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்கள். அதை நாம் அவமரியாதையாக எடுத்துக்கொள்வதில்லை. மொத்த வியாபாரத்தில் அளவு உண்டு என்று தெரிந்துதான் போகிறோம்.

ஆகவே விதியோடு நமக்குச் சண்டை இல்லை. தெருவில் போகிற வாடிக்கையாளருக்காகப் போட்ட விதியைத் தொழில்காரன் மேல் அப்படியே வீசுவதுதான் நெருடுகிறது. வாடிக்கையாளருக்கு அந்தக் கடை இல்லாவிட்டால் அடுத்த கடை. நாம் போன் செய்கிறபோது நம் வார்த்தையை நம்பிப் பணம் கொடுத்தவர் எதிரில் நிற்கிறார், நேரமோ ஓடிக்கொண்டிருக்கிறது. "நானூறுக்குக் கட்டாது அண்ணே, வண்டிச் செலவு நூறு சேர்த்துக் கொடுத்தால் செய்கிறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாங்களே அந்த நூறைக் கொடுத்திருப்போம். அதற்கும் மனமில்லை என்றால் "கோயில் வாசலில் கேளுங்கள்" என்று ஒரு நம்பர் கொடுத்திருக்கலாம். கால் நிமிடம் ஆகியிருக்காது.

குற்றம் ஒரு பக்கம் மட்டும்தான் என்று எழுதினால் நமக்கே சிரிப்பு வரும். ஆர்டர் அனுப்புகிறவர்கள் செய்கிற காரியங்களையும் சொல்லத்தான் வேண்டும். வாடிக்கையாளரிடம் 1,000 வாங்கிக்கொண்டு "அறுநூறுக்குள் பார்த்துச் செய்யுங்கள்" என்று வெளியூர்க் கடைக்குச் சொல்கிறவர்கள் நம்மிடையே உண்டு. பூ சின்னதாக இருக்கிறது என்று புகார் வந்தால் "அந்த ஊர்க்காரன் ஏமாற்றிவிட்டான்" என்று கை கழுவுகிறவர்களும் அவர்களே. படத்தைப் பார்த்து வெள்ளை லில்லிதான் வேண்டும் என்று, லில்லி இறங்காத ஊருக்கு ஆர்டர் கொடுப்பதும் உண்டு. செய்து கொடுத்த பணத்தை மூன்று மாதம் இழுத்தடித்தால், அடுத்த முறை "ஆயிரத்துக்குக் குறைந்து இல்லை" என்று சொல்லாமல் அவர்கள் வேறு என்ன சொல்வார்கள்? பல கடைகளில் அந்த விதி, நம்மைப் பார்த்துப் போட்ட கதவுதான்.

எங்கள் கடை மட்டும் சுத்தம் என்று சொல்லிக்கொள்ளவும் முடியாது. அந்தப் பெரியவரே அடுத்த மாதம் போன் செய்தார். அவருக்குத் தெரிந்த ஒருவர் ஸ்ரீரங்கத்தில் இருக்கும் மகளுக்குப் பிறந்த நாள் என்று 250 ரூபாய்க்கு ஒரு பூங்கொத்து கேட்டாராம். போனை எடுத்த எங்கள் கடைப் பையன் "ஐந்நூறுக்கு மேலதான் டெலிவரி" என்று சொல்லிக்கொண்டிருந்தான். பக்கத்தில் இருந்ததால் காதில் விழுந்தது, வாங்கிப் பேசினோம். பையனைத் திட்டிப் பயன் இல்லை. நாம் சொல்லிக்கொடுத்ததைத்தான் அவன் சொன்னான். சக கடைக்காரர் பேசினால் என்ன செய்வது என்று ஒருநாளும் அவனுக்குச் சொல்லித் தந்ததில்லை.

பூவை அனுப்பாமல் ஆர்டரை மட்டும் அனுப்புகிற இந்த முறை நேற்று வந்ததல்ல. பெர்லினில் பூக்கடை வைத்திருந்த மேக்ஸ் ஹியூப்னர் என்பவர் 1908-இல் இதைத் தொடங்கினார். அதுதான் ஃப்ளூரோப். 1910-இல் அமெரிக்கப் பூக்கடைக்காரர்கள் ஒன்று கூடித் தந்தி மூலம் ஆர்டர் அனுப்ப எஃப்.டி.டி. என்ற அமைப்பை வைத்துக்கொண்டார்கள். ரயிலில் பூ அனுப்பினால் வாடும், தந்தி வாடாது. அனுப்புகிறவருக்கு ஐந்தில் ஒன்று, செய்கிறவருக்கு ஐந்தில் நான்கு, அதில் கணக்குத் தீர்க்கும் அலுவலகத்துக்கு ஒரு சிறு பிடித்தம் என்பது அங்கே நெடுநாள் வழக்கம். இரண்டு பக்கமும் கடைக்காரர்களாக இருந்தவரை ஓரளவு நியாயமாக ஓடியது. இன்று நான் அனுப்புவேன், நாளை நீ அனுப்புவாய். பிறகு கடையே இல்லாமல் போனை மட்டும் வைத்துக்கொண்டு ஆர்டர் பிடிக்கிறவர்கள் நடுவில் நுழைந்தார்கள். அவர்கள் பங்கையும் எடுத்தார்கள், மேலே சேவைக் கட்டணமும் வாங்கினார்கள், ஒரு பூவைக்கூடக் கையால் தொடவில்லை.

இங்கேயும் அதே காட்சிதான் நடக்கிறது. இணையத்தில் ஆர்டர் எடுக்கும் ஒரு கம்பெனியிடமிருந்து எங்களுக்கு வந்த ஒன்றைச் சொல்கிறோம். வாடிக்கையாளர் கட்டியது 999. எங்களுக்குத் தருவதாகச் சொன்னது, டெலிவரியும் சேர்த்து, 550. நாங்கள் மறுத்தோம். அதை எடுத்துச் செய்யும் கடைகள் எங்கள் தெருவிலேயே உண்டு. அவர்களைக் குறை சொல்ல மாட்டோம், வாடகை கட்ட வேண்டும். ஆனால் கம்பெனியின் 550-க்குக் குனிகிற கை, பக்கத்து ஊர்க்காரரின் 500-க்கு மட்டும் ஏன் விதியைத் தூக்கிக் காட்டுகிறது? கம்பெனிக்காரனுக்கு நாம் ஒரு நம்பர், நாளைக்கு வேறு கடையைப் பிடிப்பான். பக்கத்து ஊர்க்காரருக்கு ஒருநாள் நம் உதவி வேண்டும், நமக்கும் அவர் உதவி வேண்டும். சின்ன ஆர்டரை நமக்குள் செய்துகொடுக்க முடியாது என்று ஆகிவிட்டால், வாடிக்கையாளர் நம்மிடம் கேட்பதையே நிறுத்திவிட்டுப் போனில் விரலை வைத்துக் கம்பெனிக்குப் போய்விடுவார். போன பிறகு பெரிய ஆர்டருக்கு மட்டும் திரும்பி வருவார் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

"ஒருவருக்குச் செய்தால் எல்லோரும் வருவார்கள்" என்று நண்பர் ஒருவர் சொன்னார். உண்மையில் வெளியூர்க் கடைகளிலிருந்து மாதத்துக்கு எத்தனை சின்ன ஆர்டர் வருகிறது என்று அவரிடம் கேட்டோம். யோசித்துவிட்டு ஐந்தாறு என்றார்.

எங்களுக்குத் தோன்றுவது இவ்வளவுதான். செய்கிற கடையின் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே ஆர்டர் அனுப்புகிறவர் தன் பங்கை எடுக்கக் கூடாது. மேலே சொன்ன 400 ரூபாய்க் கணக்கில் அந்த 80 ரூபாயை விட்டுக்கொடுத்தாலே செய்கிறவருக்கு நஷ்டம் போய் 30 ரூபாய் நிற்கும். எட்டுக் கிலோமீட்டருக்கு அப்பால் வீடு என்றால் வண்டிச் செலவைத் தனியாகச் சொல்லி வாடிக்கையாளரிடமே வாங்கலாம். கேட்டால் கொடுக்கிறார்கள், நாம்தான் கேட்கக் கூச்சப்படுகிறோம். பணம் அன்றைக்கே போக வேண்டும். தந்தி மணியார்டர் காலத்தில் தாமதத்துக்குக் காரணம் சொல்லலாம், கூகுள் பே வைத்துக்கொண்டு சொல்ல முடியாது. பிப்ரவரி 14, ஆயுத பூஜை, பெரிய முகூர்த்தங்கள் ஆகிய நாட்களில் யாரும் யாரிடமும் சலுகை எதிர்பார்க்க வேண்டாம். அன்று பூ விலையும் நம் கையில் இல்லை, ஆளும் நம் கையில் இல்லை. துக்க வீட்டுக்குப் போகும் மாலையை மட்டும் எந்த நாளிலும் அளவுக்குள் கொண்டுவர வேண்டாம். அதற்கு மறுநாள் என்பது கிடையாது.

சங்கத்தின் உறுப்பினர் விவரப் புத்தகத்தில் இப்போது பெயரும் விலாசமும் போனும் மட்டும் இருக்கின்றன. அடுத்த பதிப்பில் பூக்கடைகளுக்கு எதிரே குறைந்தபட்ச ஆர்டர், வண்டிச் செலவு, கடை திறந்திருக்கும் நேரம் மூன்றையும் அச்சிடச் செயலாளரிடம் கேட்டிருக்கிறோம். மற்ற ஊர்ச் சங்கங்களோடும் புத்தகத்தைப் பரிமாறிக்கொள்ளலாம் என்றார். எங்கள் கடை விவரத்தை எழுதிக் கொடுத்தாகிவிட்டது: சாதாரண நாளில் 500, சக கடைக்காரர் அனுப்பினால் 250, துக்க வீட்டு மாலைக்கு அளவு இல்லை, இரவு ஒன்பது மணி வரை போன் எடுக்கப்படும். மற்றவர்களும் அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது எழுதி எடுத்து வாருங்கள்.