கருவி துணை, கண்ணே காவல்

நுழையும்முன்

அறிவியல் தரும் வசதி ஒவ்வொன்றும் ஒரு பொறுப்பையும் உடன் கொண்டுவருகிறது. மின்மகிழுந்துகளில் இன்று இடம்பெறும் ஓட்டுநர் உதவிக் கருவிகள் ஓட்டுநரின் உழைப்பைக் குறைக்கின்றன. அவை அவருடைய கவனத்தையும் குறைத்துவிடலாமா? தேனி மாவட்டத்துச் சாலை ஒன்றை முன்வைத்து இவ்வினாவை ஆராய்கிறது இக்கட்டுரை.

மாடு அறிந்த வழி

பெரியகுளத்தை அடுத்துள்ள வடுகபட்டி, பூண்டுச் சந்தைக்குப் பெயர்பெற்ற ஊர். கொடைக்கானல் மலைச்சிற்றூர்களில் விளையும் மலைப்பூண்டு இங்கு வந்து விலைபேசப்படுகிறது. சரக்குந்துகள் பெருகாத காலத்தில் சந்தைப் பயணம் என்றாலே மாட்டுவண்டிப் பயணந்தான். சந்தை முடிந்து இரவில் ஊர் திரும்பும் வண்டிக்காரர் வைக்கோல்மேல் சாய்ந்து கண்ணயர்வார். வழியறிந்த மாடுகள் வண்டியை அவர் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தும்.

அதே சாலைகளில் இன்று ஓசையடங்கிய மின்மகிழுந்துகள் ஓடுகின்றன. அவற்றுள் சில, சாலைக்கோடுகளைப் பார்த்துத் தம் தடத்தைவிட்டு விலகாமல் செல்கின்றன. முன்செல்லும் வண்டியின் வேகத்துக்கேற்பத் தம் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் செய்கின்றன. முதலாவது 'லேன் அசிஸ்ட்' எனப்படும் தடக்காப்பு உதவி. இரண்டாவது 'அடாப்டிவ் க்ரூஸ் கண்ட்ரோல்' எனப்படும் தகவமைச் சீர்வேகக் கட்டுப்பாடு. இவ்விரண்டும் இருக்கும்போது, பழைய வண்டிக்காரரைப் போல இன்றைய ஓட்டுநரும் கண்ணயரலாமே என்னும் எண்ணம் எழுவது இயல்பு. அவ்வெண்ணம் தவறானது, உயிருக்கே கேடானது.

பார்வையற்றவர் தந்த கருவி

சீர்வேகக் கட்டுப்பாட்டைக் கண்டறிந்தவர் அமெரிக்கப் பொறியாளர் ரால்ஃப் டீட்டர். ஐந்து வயதில் நேர்ந்த விபத்தில் பார்வையை இழந்த அவர், 1936இல் அந்நாட்டு வாகனப் பொறியாளர் சங்கத்தின் தலைவராகவும் விளங்கினார். அவருடைய வழக்கறிஞர் வண்டி ஓட்டும்போது, பேசுகையில் வேகம் குறையும்; பிறர் பேச்சைக் கேட்கையில் வேகம் கூடும். அந்த ஏற்றத்தாழ்வைக் கண்ணால் காண இயலாத டீட்டர், உடலின் குலுக்கலால் உணர்ந்தார். வேகத்தைச் சீராக வைத்திருக்கும் கருவிக்கு அவர் 1950இல் காப்புரிமை பெற்றார். 1958ஆம் ஆண்டின் கிறைஸ்லர் மகிழுந்துகளில் அது இடம்பெற்றது.

அக்கருவி, குறித்த வேகத்தை மட்டுமே காத்தது. முன்னால் என்ன இருக்கிறது என்பதை அது அறியாது. அடுத்த தலைமுறைக் கருவிகளே முன்னோக்கும் திறன் பெற்றன. 1995இல் மிட்சுபிசி நிறுவனம் லேசர் கதிரைக்கொண்டும், 1999இல் மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம் ரேடாரைக்கொண்டும் இடைவெளியை அளக்கும் மகிழுந்துகளை வெளியிட்டன. 2001இல் நிசான் நிறுவனம் தடம் காக்கும் அமைப்பை அறிமுகப்படுத்தியது. தமிழ்நாடும் இன்று இத்தொழில்நுட்பத்தில் பங்குபெற்றுள்ளது. இத்தகைய உதவிகள் அமைந்த மகிந்திரா மின்மகிழுந்துகள் 2024 நவம்பரில் சென்னையில் அறிமுகமாயின. 2025இல் விற்பனைக்கு வந்த ஹூண்டாய் கிரெட்டா மின்மகிழுந்து, திருப்பெரும்புதூர் அருகே உருவாக்கப்படுகிறது.

கருவி காணும் முறை

மகிழுந்தின் முன்கண்ணாடிக்குப் பின்னே ஒரு படக்கருவி உள்ளது. கரிய சாலைக்கும் வெண்கோட்டுக்கும் இடையிலான வேறுபாட்டைக்கொண்டு அது தடத்தை அறிகிறது. வண்டி கோட்டை நெருங்கினால் மின்விசைப்பொறி ஸ்டீயரிங்கைச் சற்றே திருப்பித் தடத்தின் நடுவுக்குக் கொணர்கிறது.

முகப்பில் உள்ள ரேடார் ஏறத்தாழ 77 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் அலைகளை அனுப்புகிறது. அவற்றின் அலைநீளம் 4 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. எதிரொலித்து வரும் அலை எடுத்துக்கொள்ளும் நேரம் தொலைவைக் காட்டுகிறது. அதன் அதிர்வெண் மாற்றம் முன்செல்லும் வண்டியின் சார்பு வேகத்தைக் காட்டுகிறது. இயற்பியல் வகுப்பில் பயிலும் டாப்ளர் விளைவே இதற்கு அடிப்படை.

இம்முறையிலேயே இதன் எல்லையும் அடங்கியுள்ளது. கோடு அழிந்த இடத்தில் படக்கருவி தடத்தை இழக்கும். எதிர்வெயில், அடைமழை, மூடுபனி ஆகியன அதன் பார்வையை மங்கச்செய்யும். பாலங்களையும் பலகைகளையும் தடையெனக் கருதி வண்டி வீணே நின்றுவிடாதிருக்க, பல அமைப்புகளில் அசையாப் பொருள்களின் எதிரொலிக்கு மதிப்புக் குறைத்தே வைக்கப்படுகிறது. ஆகவே விரைந்து செல்லும்போது சாலையில் பழுதாகி நிற்கும் சரக்குந்தைக் கருவி அறியாமல் போகலாம்.

பயனை மறுத்தல் முறையன்று

இவ்வெல்லைகளைக் கண்டு, இவை செல்வர்களின் விளையாட்டுப் பொருள்கள் என ஒதுக்குவோரும் உளர். அதுவும் ஏற்கத்தக்கதன்று. 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். தமிழ்நாட்டில் மட்டும் 64,105 விபத்துகள் நிகழ்ந்தன. அவ்வாண்டில் மாநிலங்களுள் இதுவே மிக உயர்ந்த எண்ணிக்கை. நீண்ட பயணத்தில் கால் ஓய்ந்தும் கை சோர்ந்தும் நிகழும் பிழைகள் பல. முன்வண்டியோடு போதிய இடைவெளியைச் சலிக்காமல் பேணும் கருவி அப்பிழைகளைக் குறைக்க வல்லது.

மின்மகிழுந்துக்கு வேறு நன்மையும் உண்டு. காற்றின் எதிர்ப்பு விசை வேகத்தின் இருமடிக்கேற்ப உயர்வதால், தேவையற்ற விரைவு மின்கலத்தை விரைவில் வற்றச்செய்யும். மிதமான சீர்வேகம் மின்னேற்றத்தைச் சிக்கனப்படுத்தும். வேகம் குறைக்கும்போது மின்னோடியே மின்னாக்கியாக மாறி, இயக்க ஆற்றலின் ஒரு பகுதியை மின்கலத்துக்குத் திருப்பியளிக்கும்.

சாலை ஒன்று, நிலைகள் பல

வடுகபட்டியிலிருந்து வடக்கே புறப்படும் ஒருவர் பெரியகுளம், தேவதானப்பட்டி, வத்தலக்குண்டு வழியாகத் திண்டுக்கல்லை அடைகிறார். அங்கு, ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை அவரை வரவேற்கிறது. நான்கு வழிகளும் நடுத்தடுப்பும் தெளிந்த கோடுகளும் கொண்டது அச்சாலை. இவ்வுதவிக் கருவிகள் பொருந்தும் இடம் அது.

தென்மேற்கே திரும்பினால் நிலை வேறு. தேனி, வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் எனக் கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்களை இணைத்துக் குமுளிக்குச் செல்கிறது 183ஆம் எண் நெடுஞ்சாலை. வாழைத்தார் ஏற்றிய வண்டிகளும், ஏலத்தோட்டங்களுக்கு ஆளேற்றிச் செல்லும் ஜீப்புகளும், மேய்ச்சல் முடிந்து திரும்பும் மாடுகளும் அதில் ஒன்றாகச் செல்கின்றன. கார்த்திகை, மார்கழித் திங்களில் சபரிமலைக்கு நடந்து செல்லும் அடியார்கள் இருளில் சாலையோரமாக வரிசையாகச் செல்வர். அறுவடைக் காலத்தில் வைக்கோல் சாலையில் பரப்பப்பட்டால், கோடு முழுவதும் மறைந்துவிடும்.

இங்குக் கருவியின் நற்குணமே இடராகவும் மாறும். அது பேணும் இடைவெளியில் ஓர் இருசக்கர வாகனம் திடீரென நுழைகிறது. கருவி வேகத்தைச் சட்டெனக் குறைக்கிறது. பின்னால் நெருங்கி வரும் வண்டி தடுமாறுகிறது. மிதிவண்டியில் செல்லும் முதியவருக்கு வழிவிட ஓட்டுநர் சைகைவிளக்கு இடாமல் கோட்டைக் கடந்தால், தடக்காப்பு உதவி ஸ்டீயரிங்கை முதியவர் பக்கமே திருப்ப முனையும். லோயர் கேம்ப்பைக் கடந்தபின் வரும் மலைவளைவுகளில், முன்வண்டி வளைவில் மறைந்த நொடியில் சாலை வெறுமையாக உள்ளது எனக் கருதிக் கருவி வேகத்தைக் கூட்டவும் கூடும்.

2022ஆம் ஆண்டுச் சாலை உயிரிழப்புகளில் ஏறத்தாழ 64 விழுக்காட்டினர் இருசக்கர வாகனங்களில் சென்றோரும் பாதசாரிகளுமே. கோட்டையும் முன்வண்டியையும் நம்பி இயங்கும் கருவிக்கு எளிதில் புலப்படாதோரும் இவர்களே. கருவியின் சொகுசு வண்டிக்குள் இருப்பவருக்கு. அதன் பிழையின் விலையோ வெளியே நடப்பவருக்கு. மின்மகிழுந்தின் ஓசைக்குறைவால் அது நெருங்குவதை நடப்பவரும் எளிதில் உணர்வதில்லை. ஆதலால் கவனமாக இருக்கும் கடமை உள்ளே இருப்பவருக்கே மிகுதி.

கவனம் ஓயும் இடம்

'கருவி ஓட்டட்டும், நான் மேற்பார்வையிடுகிறேன்' என்பார் சிலர். மேற்பார்வை எளிய வேலையன்று. இரண்டாம் உலகப் போரில் ரேடார் திரைகளைக் கண்காணித்த வீரர்களின் சோர்வு குறித்து எழுந்த வினாவை, நார்மன் மேக்வொர்த் என்னும் உளவியலாளர் ஆராய்ந்தார். எப்போதோ நிகழும் ஒன்றுக்காகக் காத்திருப்பவரின் கவனம் முதல் அரைமணி நேரத்துக்குள்ளேயே குறைந்துவிடுகிறது என அவர் 1948இல் வெளியிட்டார். இயக்கம் தானியங்கியாக மாற மாற, எஞ்சியிருக்கும் மனிதப் பணி எளிதாவதில்லை. கடினமாகவே ஆகிறது என்பதை 1983இல் லிசான் பெய்ன்பிரிட்ஜ் தம் கட்டுரையில் விளக்கினார்.

இதற்கொரு துயரச் சான்று 2016 மே 7 அன்று அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் நிகழ்ந்தது. இவ்விரு உதவிகளும் இயங்கிய நிலையில் சென்ற டெஸ்லா மாடல் எஸ் மின்மகிழுந்து, சாலையின் குறுக்கே திரும்பிய சரக்குந்தில் மோதியது, ஓட்டுநர் உயிரிழந்தார். வழிவிடாது திரும்பிய சரக்குந்து ஓட்டுநரின் தவற்றோடு, கருவியை அளவுக்குமீறி நம்பிய மகிழுந்து ஓட்டுநரின் கவனமின்மையையும், அவ்வாறு கவனமின்றி இருக்க இடந்தந்த கருவியின் வடிவமைப்பையும் அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் சுட்டிக்காட்டியது.

மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கிறது. கைப்பேசித் திரையை இரண்டு நொடி பார்த்து நிமிர்வதற்குள் 44 மீட்டர் கடந்துபோகிறது. அந்த 44 மீட்டருக்குள் ஒரு பள்ளிச் சிறுவன் சாலையைக் கடக்கத் தொடங்கியிருக்கலாம்.

தெரிந்து தெளிவோம்

தானியங்கி ஓட்டத்தை 0 முதல் 5 வரை ஆறு நிலைகளாக எஸ்.ஏ.இ. என்னும் பன்னாட்டு வாகனப் பொறியாளர் அமைப்பு 2014இல் வகுத்தது. ரால்ஃப் டீட்டர் ஒருகாலத்தில் தலைமை வகித்த அமைப்பே இது. தடக்காப்பும் தகவமைச் சீர்வேகமும் ஒருங்கே இயங்குவது இரண்டாம் நிலை. இந்நிலை வரை வண்டியை ஓட்டுபவர் மனிதரே. சாலையைத் தொடர்ந்து கண்காணிக்கும் பொறுப்பும் அவருடையதே.

வலி, காலம், இடம்

வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களைத் திருக்குறள் அடுத்தடுத்து வைத்துள்ளது. அரசனுக்குச் சொன்ன அவ்வரிசை ஓட்டுநருக்கும் பொருந்தும். கருவியால் எது இயலும், எது இயலாது என்பதைக் கையேட்டைப் படித்துத் தெளிதல் வலியறிதல். மழையும் பனியும் கண்கூசும் மாலை வெயிலும் உள்ள வேளைகளில் அதை நம்பாதிருத்தல் காலமறிதல். திண்டுக்கல் நான்குவழிச் சாலையில் இயக்கிய உதவியைக் கடைவீதியிலும் மலைவளைவிலும் நிறுத்திவைத்தல் இடனறிதல். அவ்வாறு நிறுத்துவது கருவியின் தோல்வியன்று; ஓட்டுநரின் அறிவு.

பொறுப்பு ஓட்டுநரோடு முடிந்துவிடுவதில்லை. விற்பவர் கருவியின் பெருமையோடு அதன் எல்லையையும் வாங்குவோர்க்கு விளக்குதல் வேண்டும். சாலை அமைப்போர் கோடுகளை அழியாமல் பேணுதல் வேண்டும். தெளிந்த கோடு கருவிக்கு மட்டுமன்றி, இரவில் வரும் எல்லா ஓட்டுநர்க்கும் வழிகாட்டும். ஓட்டுநர் உரிமத் தேர்வில் இக்கருவிகளைப் பற்றிய அறிவும் சோதிக்கப்படுதல் நலம்.

பதினோராம் வகுப்பில் பயிலும் மாணவர் ஓரிரு ஆண்டுகளில் மகிழுந்து ஓட்டும் உரிமம் பெறும் வயதை எட்டுவர். இத்தகைய உதவிகள் பெருகிய வண்டிகளையே அவர்கள் ஓட்டப்போகின்றனர். அவர்கள் ஒன்றை நினைவில் வைத்தல் வேண்டும். வண்டிக்காரர் கண்ணயர்ந்த காலத்தில் மாடு விழித்திருந்தது. அது நடைவேகத்தில் சென்றது. பள்ளத்தைக் கண்டால் நின்றது. தன் உயிருக்கும் அஞ்சியது. இன்றைய கருவி அளக்கும், கணக்கிடும். ஆனால் அதற்கு அச்சமில்லை. அதற்கும் சேர்த்து அஞ்சவேண்டியவர் ஓட்டுநர். கையும் காலும் சற்றே ஓய்வு பெறட்டும். சாலையில் நடப்பவரின் உயிர், ஓட்டுநரின் ஓயாத கண்ணிலேயே இருக்கிறது.