ப்ரவுசிங் சென்டர் இன்னும் சாகலை

2016-ல் ஜியோ வந்தப்பவே "இனிமே ப்ரவுசிங் சென்டர் அவ்ளோதான்"னு எல்லாரும் சங்கு ஊதியாச்சு. ஆனா தாலுகா ஆபீஸ் பக்கம் போய்ப் பாருங்க, ரெண்டு மூணு கடை கூட்டத்தோடதான் இருக்கு. போர்டுல ஜெராக்ஸ், லேமினேஷன், பான் கார்டு, ஆன்லைன் அப்ளிகேஷன் எல்லாம் கொட்டை எழுத்துல. 'இன்டர்நெட்'டைத்தான் தேடணும்.

மணிக்கு 20 ரூபாய் கொடுத்து, இ-கலப்பையை இறக்கி, தட்டச்சி முடிக்கிறதுக்குள்ள கரண்ட் போன தலைமுறை நாம. (சேவ் பண்ணாதவங்க கை தூக்குங்க!) அந்த வியாபாரம் போயே போச்சு. அன்னிக்கு நேரத்தை வித்த கடை இன்னிக்கு வேலையை விக்குது. கீபோர்டு கடைக்காரர் கையில, நாம பக்கத்து ஸ்டூல்ல.

இதை வாழ வெக்கிறது யாருன்னு பார்த்தா, சாட்சாத் அரசாங்கம்தான். இன்ஜினியரிங் கவுன்சிலிங் 2018-ல் ஆன்லைனுக்குப் போச்சு. டிஎன்பிஎஸ்சி, நீட், உதவித்தொகை, சாதிச் சான்று, பட்டா, வில்லங்கம் எல்லாமே இணையத்துல. நல்ல விஷயம்தான், சென்னைக்கு பஸ் ஏற வேண்டியதில்லை. ஆனா போட்டோ இத்தனை கேபிக்குள்ள, கையெழுத்து இத்தனை கேபிக்குள்ளன்னு கேக்குற ஃபாரத்தை ஒரு விவசாயக் கூலியோட பொண்ணு அஞ்சு இஞ்ச் போன்ல எப்படி நிரப்பும்? பாதியில லாக் அவுட் ஆகும். பணம் போகும், ரசீது வராது. கடைசி நாள்ல சர்வர் படுத்துக்கும். அப்புறம் பிரிண்ட் வேற வேணும்.

அதனால பட்டாவை அரசுத் தளத்துல இலவசமாப் பார்க்கலாம்னாலும் ஜனங்க கடையில காசு கொடுத்துத்தான் எடுக்குறாங்க. கொள்ளைன்னு சிலர் திட்டுறாங்க. நான் அப்படி நினைக்கலை. பிரிண்டர் மை, கரண்ட் பில், வாடகைன்னு அவருக்கும் செலவு இருக்கு. அந்தக் காலத்துல கலெக்டர் ஆபீஸ் வாசல்ல மரத்தடியில உக்காந்து மனு எழுதிக் கொடுத்தாரே, அவரோட வாரிசுதான் இவர். இ-சேவை மையத்துல சாதிச் சான்றுக்கு 60 ரூபாய் சேவைக் கட்டணம்னு ஒரு கணக்காவது உண்டு. தனிக் கடையில ஆளைப் பார்த்து ரேட்டு, அது மட்டும் தப்பு.

நிற்க. என் பயம் காசைப் பத்தி இல்லை.

அவசரத்துல கடைக்காரர் தன்னோட மொபைல் நம்பரையும் மெயில் ஐடியையும் அப்ளிகேஷன்ல போட்டுடுறார். ஓடிபி சீக்கிரம் வரும், வேலை முடியும். பின்னாடி ஹால் டிக்கெட், கவுன்சிலிங் தேதின்னு வர்ற தகவல் எல்லாம் அவருக்குப் போகும். அவர் கையில அப்படி நூறு பிள்ளைங்க. ஒரு மெசேஜ் கவனிக்காம விட்டா ஒரு வருஷப் படிப்பு அம்பேல். மார்க்ஷீட்டும் ஆதாரும் பாஸ்புக்கும் டெஸ்க்டாப்லயே கிடக்கும், அடுத்து வர்றவர் கண் முன்னாடி.

இதுக்குச் சட்டம் இல்லையான்னா, 2011-ல் சைபர் கஃபே விதிகள் வந்துச்சு. அடையாள அட்டை பாரு, யார் என்ன பார்த்தாங்கன்னு ஒரு வருஷம் பதிவு வெச்சுக்கோ, தடுப்பு நாலரை அடிக்கு மேல வேண்டாம். ஆள் தனியா உக்காந்து ஏதோ தப்பு பண்ணுவான்னு நினைச்சு எழுதினது. கடைக்காரரே நமக்காக உள்ள நுழைவார்னு அன்னிக்கு யாரும் யோசிச்ச மாதிரி தெரியலை. இ-சேவைக்கு இருக்கிற மாதிரி இவங்களுக்கும் ஒரு பதிவு, ஒரு ரேட் போர்டு, விண்ணப்பதாரர் நம்பரைத்தான் போடணும்னு ஒரு கட்டாயம் கொண்டு வந்தா என்ன? ஒரே நம்பர்ல அம்பது விண்ணப்பம் வந்தா சர்வரே எச்சரிக்கலாமே!

அது வர்றப்ப வரட்டும். தெரிஞ்ச பிள்ளைங்க யாராவது அப்ளிகேஷன் போடப் போனா, சொந்த நம்பரையே கொடுக்கச் சொல்லுங்க. பாஸ்வேர்டை வீட்டுக்கு வந்ததும் மாத்தச் சொல்லுங்க. டவுன்லோட்ஸ் ஃபோல்டர், ரீசைக்கிள் பின், பிரிண்டுக்காக கடைக்காரர் வாட்ஸப்புக்கு அனுப்பினது, எல்லாத்தையும் கூச்சப்படாம கேட்டு, அழிச்சதை கண்ணால பார்த்துட்டு வரச் சொல்லுங்க.