சின்ன பாக்கெட்டுக்கு ஏன் இந்தச் சலுகை?

தீபாவளி நெருங்கிவிட்டால் புனேயின் துளசிபாக் கடைவீதியில் ‘உட்டணே’ பாக்கெட்டுகள் குவிந்துவிடும். நரக சதுர்த்தசி விடியலில் எண்ணெய் தேய்த்து, அதன் மேல் பூசிக் குளிக்கும் இந்த வாசனைப் பொடியை மராத்தி வீடுகளின் நலங்கு மாவு என்று சொல்லிவிடலாம். வெட்டிவேர், கோரைக்கிழங்கு, கிச்சிலிக்கிழங்கு, சந்தனம், ரோஜா இதழ் என்று சரக்கிலும் இரண்டுக்கும் நெருங்கிய உறவு உண்டு. அதே கடைவீதியில் இன்று ஷீட் மாஸ்க், கரி சேர்த்த பீல்-ஆஃப் மாஸ்க், களிமண் பேக் எல்லாம் சரம் சரமாகத் தொங்குகின்றன. பாட்டி காலத்துப் பொடியும் கொரியாவிலிருந்து வந்த ஈரத்துணியும் ஒரு விஷயத்தில் ஒன்றுபடுகின்றன. பெரும்பாலும் இரண்டுமே ஒருமுறை பூசுவதற்கான சின்ன பாக்கெட்டில்தான் விற்கின்றன. அந்தச் சின்ன பாக்கெட்டுக்கு நம் சட்டம் பெரிய சலுகை ஒன்றைத் தந்திருக்கிறது.

அழகுசாதனப் பொருள் எதுவானாலும், அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்பதை லேபிளில் அச்சிட வேண்டும் என்பது இந்தியாவில் விதி. ஒரு சதவீதத்துக்கு மேல் உள்ளவற்றை அளவு குறையும் வரிசையிலும், அதற்குக் கீழே உள்ளவற்றை எந்த வரிசையிலும் போடலாம். இவ்வளவு சொல்லிவிட்டு, திரவமானால் 60 மில்லிக்கும், பொடியோ குழம்போ ஆனால் 30 கிராமுக்கும் குறைந்த பாக்கெட்டில் இந்தப் பட்டியல் தேவையில்லை என்று விதியே கதவைத் திறந்து விடுகிறது. பழைய விதிகளில் இருந்த இந்த விலக்கை 2020-ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகளும் அப்படியே சுமந்து வந்துவிட்டன. ஒரு ஷீட் மாஸ்க்கில் இருக்கும் திரவம் பொதுவாக 20 முதல் 25 மில்லி. ஆக, முகத்தில் கால்மணி நேரம் ஒட்டிக்கொண்டிருக்கப்போகும் பொருளுக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லும் கடமை அதை விற்பவருக்குச் சட்டப்படி இல்லை. இந்த விலக்கு நீக்கப்பட வேண்டும்.

மாஸ்க் விஷயத்தில் குறிப்பாக ஏன் இந்த வலியுறுத்தல்? வடிவம் மாறினால் அது சருமத்தில் செய்யும் வேலையும் மாறிவிடுகிறது. முல்தானி மட்டி, கேயோலின், பென்டோனைட் போன்ற களிமண் வகைகள் எண்ணெய்ப் பசையை உறிஞ்சும். எண்ணெய் வழியும் முகத்துக்கு நல்லது, வறண்ட சருமத்தை மேலும் வெடிக்க வைக்கும். பீல்-ஆஃப் மாஸ்க்கில் பாலிவினைல் ஆல்கஹால் படலமாகக் காய்ந்து, உரிக்கும்போது இறந்த செல்களோடு மெல்லிய முடியையும் பிடுங்கிக்கொண்டு வரும். ஷீட் மாஸ்க்கில் கிளிசரினும் ஹயலுரானிக் அமிலமும் நீரைப் பிடித்துவைக்க, மேலே மூடிய துணி அது ஆவியாகாமல் காக்கிறது. தோல் ஊறிப்போவதால் நல்லது உள்ளே போவதுபோலவே வாசனைத் திரவியமும் பதப்படுத்தியும் எளிதாக உள்ளே போகின்றன. நீர் ததும்பும் பொருளில் கிருமி வளராதிருக்கப் பதப்படுத்தி வேண்டும், அதில் தவறில்லை. ஆனால் மெத்தில்ஐசோதயசோலினோன் என்ற பதப்படுத்தி ஒவ்வாமையைப் பெருக்கியதால், கழுவாமல் விடும் அழகுசாதனங்களில் அதை ஐரோப்பிய ஒன்றியம் 2017-ல் தடைசெய்தது. கிளைகாலிக் போன்ற அமிலம் கலந்த மாஸ்க்குக்கோ வேறு சிக்கல். செறிவு 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, பிஎச் 3.5-க்குக் கீழே இறங்கக் கூடாது என்பது அமெரிக்க நிபுணர் குழுவின் பரிந்துரை. அமிலம் பூசிய தோலை வெயில் சீக்கிரம் சுட்டுவிடும். நாற்பது டிகிரியைத் தொடும் புனேயின் ஏப்ரல் வெயிலில் இது சின்ன விஷயமல்ல. பெயர் தெரிந்தால்தானே எச்சரிக்கையாக இருக்க முடியும்?

இரண்டாவது காரணம், பாக்கெட்டின் முன்பக்கம் பேசுவதைப் பின்பக்கத்தைக் கொண்டுதான் சரிபார்க்க முடியும். குங்குமப்பூ, முத்து, தங்கம் என்று முன்னால் மின்னும் பெயர்கள் பட்டியலில் எங்கே நிற்கின்றன என்று பார்க்க ஓர் எளிய வழி உண்டு. ஃபீனாக்ஸிஎத்தனால் என்ற பதப்படுத்தியை ஒரு சதவீதத்துக்கு மேல் சேர்ப்பதில்லை. எனவே அதற்குப் பின்னால் வரும் பெயர்கள் எல்லாம் ஒரு சதவீதமோ அதற்கும் குறைவோதான். குறைந்த அளவு என்பதாலேயே ஒரு பொருள் வீண் என்று ஆகிவிடாது. ரெட்டினால், ஹயலுரானிக் அமிலம் போன்றவை ஒரு சதவீதத்துக்குக் கீழேயே வேலை செய்யும். ஆனால் விலையை ஏற்றிய குங்குமப்பூ கடைசி வரியில் ஒதுங்கி நின்றால், வாங்குபவர் காசு கொடுத்தது பெயருக்குத்தான். பட்டியலே இல்லாத பாக்கெட்டில் இந்தக் கணக்கைப் போடவே வழியில்லை.

விஷம் கலப்பவர் அதைப் பட்டியலில் எழுதவா போகிறார் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மகாராஷ்டிரத்தின் அகோலாவில் ஒரு மாணவி, அவருடைய தாய், சகோதரி மூவருக்கும் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட செய்தி 2023-ல் வந்தது. மூவரும் பூசிய கிரீமை மும்பை கே.இ.எம். மருத்துவமனை மூலம் சோதித்தபோது அதில் பாதரசம் இருந்தது. கேரளத்தின் கோட்டக்கல் மருத்துவர்கள் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒருவகைச் சிறுநீரக நோயாளிகள் 22 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு அந்நோயின் ஒரு குறிப்பிட்ட வடிவம் இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசியவர்கள். பாதரசம் மெலனின் உருவாவதைத் தடுப்பதால் தோல் சீக்கிரம் வெளுக்கிறது. விலையைச் சிறுநீரகம் கொடுக்கிறது. இவை மாஸ்க் அல்ல, கிரீம்கள். அவற்றைச் செய்தவர்கள் உண்மையை எழுதியிருக்கவும் மாட்டார்கள். ஆனாலும் எல்லா பாக்கெட்டிலும் பட்டியல் கட்டாயம் என்றாகிவிட்டால், பட்டியல் இல்லாமையே குற்றத்தின் முதல் தடயமாகிவிடும். பாதரசம் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டியிருக்கிறதா என்று காட்ட ஆய்வகம் வேண்டும். லேபிள் வெறுமையாக இருப்பதைக் காட்ட, மகாராஷ்டிர உணவு, மருந்து நிர்வாகத்தின் ஆய்வாளருக்குக் கண் இருந்தால் போதும்.

சின்ன பாக்கெட்டில் இடம் ஏது என்பது உற்பத்தியாளர் தரப்பின் வாதம். இதற்கான விடை நம் சட்டத்திலேயே இருக்கிறது. ஆயுர்வேத மருந்தாக உரிமம் பெற்ற பொடியானால், அதிலுள்ள ஒவ்வொரு மூலிகையையும் அதன் அளவோடு லேபிளில் எழுத வேண்டும். இடம் போதாவிட்டால் தனித்தாளில் அச்சிட்டு உள்ளே வைக்கலாம். ஐரோப்பிய ஒன்றியமும் இதைப்போலத் துண்டுத்தாளையோ அட்டையையோ அனுமதிக்கிறது. அப்படியிருக்க, ஒரே கோரைக்கிழங்கு மருந்து உரிமத்தில் வந்தால் அளவு முதல் சொல்ல வேண்டும், அழகுசாதனமாகச் சின்ன பாக்கெட்டில் வந்தால் வாயே திறக்க வேண்டாம் என்பதற்கு என்ன நியாயம்? பெரிய நிறுவனங்கள் பல, விலக்கு இருந்தும் பட்டியலை அச்சிடுகின்றன. இடம் உண்மையான தடையல்ல என்பதற்கு அதுவே சாட்சி.

உட்டணே அரைக்கும் மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு இது சுமையாகாதா என்ற கேள்விக்குத்தான் கூடுதல் மதிப்பு உண்டு. ஆனால் பட்டியல் எழுத ஆய்வகம் வேண்டாம். தாங்கள் போட்ட சரக்கை வரிசையாக எழுதினால் போதும். கலப்படமில்லாமல் அரைப்பவருக்கு அது விளம்பரமும்கூட. இயற்கைப் பொருளுக்கு இதெல்லாம் எதற்கு என்ற நினைப்பும் சரியல்ல. எலுமிச்சைச் சாறு பட்ட தோல் வெயிலில் புண்ணாகிக் கறுக்கலாம். பென்டோனைட் களிமண் பொருள் ஒன்றில் ஈயம் இருப்பதாக அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. 2016-ல் எச்சரித்தது. மண்ணிலிருந்து வந்தது என்பதே நற்சான்றாகிவிடாது.

பட்டியலை யார் படிக்கிறார்கள் என்பது கடைசி ஆட்சேபம். எல்லோரும் படிக்க வேண்டியதில்லை. முகம் சிவந்து வீங்கி வந்தவரிடம் தோல் மருத்துவர் முதலில் கேட்பது என்ன பூசினீர்கள் என்பதைத்தான். அந்தக் கேள்விக்குப் பதில் அந்த பாக்கெட்டில் இருந்தாக வேண்டும். எழுத்தில் இருப்பதன் மதிப்பு நம் நாட்டுக்குப் புதிதல்ல. காயம் ஆற்றும் மஞ்சளுக்கு அமெரிக்காவில் தரப்பட்ட காப்புரிமையை எதிர்த்து, ஆவணங்களைத் தேடியெடுத்து 1997-ல் ரத்துசெய்ய வைத்தது இந்தியாவின் அறிவியல் ஆய்வு அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். மஞ்சளுக்காக அவ்வளவு தூரம் போய் வாதாடிய நாடு, உள்ளூர் பாக்கெட்டில் மஞ்சள் இருக்கிறதா என்று எழுதச் சொல்லத் தயங்குவது பொருந்தவில்லை. மத்திய அரசு 60 மில்லி, 30 கிராம் விலக்கை நீக்கி, தனித்தாளுக்கு அனுமதி தந்து, சிறு உற்பத்தியாளர்களுக்கு ஓராண்டு அவகாசம் கொடுக்கலாம். அதுவரை முடிவு வாங்குபவர் கையில். பட்டியல் இல்லாத பாக்கெட்டைக் கடையிலேயே விட்டுவிடுங்கள். பட்டியல் உள்ளதையும் முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிது பூசி, ஓரிரு நாள் பார்த்த பிறகே முகத்துக்குக் கொண்டுபோங்கள்.