குத்துச்சண்டையில் நட்சத்திரப் பஞ்சமா?

முகமது அலி, மைக் டைசன் காலத்தோடு குத்துச்சண்டையின் ஒளி மங்கிவிட்டது என்று விளையாட்டு பேசும் இடங்களில் எல்லாம் கேட்கிறோம். இன்றைய வீரர்களுக்கு ஈர்ப்பு இல்லை, தோல்விக்குப் பயந்து நல்ல எதிரியைத் தவிர்க்கிறார்கள், இளைஞர்களை யூஎஃப்சி என்ற கலப்புத் தற்காப்புச் சண்டை நிறுவனம் இழுத்துக்கொண்டது, மக்களின் ரசனையே மாறிவிட்டது. இவைதான் வழக்கமாக அடுக்கப்படும் காரணங்கள். விளைவு உண்மைதான். குத்துச்சண்டையே பார்க்காத ஒரு அமெரிக்கக் குடும்பத்தில் இன்றைய ஹெவிவெயிட் சாம்பியன் பெயரைக் கேட்டால் பதில் வருவது அரிது. ஆனால் சொல்லப்படும் காரணங்களில் பெரும்பாலானவை தவறு. அந்தத் தவறு, நம் காலத்தின் அருமையான சில வீரர்களுக்கு இழைக்கப்படும் அநியாயமும்கூட.

ஒரு விளையாட்டின் எல்லையைத் தாண்டிய நட்சத்திரம் என்றால், அந்த விளையாட்டைப் பார்க்காதவருக்கும் தெரிந்த முகம். 1980இல் அலி சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடினார். அன்று திரண்ட கூட்டத்தில் எத்தனை பேருக்குக் குத்துச்சண்டை விதிகள் தெரிந்திருக்கும்? ரசிகர் அல்லாதவர்களால்தான் இப்படிப்பட்ட நட்சத்திரம் உருவாகிறார். அவர்கள் கண்ணில் பட்டால்தான் அது நடக்கும்.

ஈர்ப்பு இல்லை என்ற வாதத்துக்கு டெரன்ஸ் க்ராஃபோர்டையே பதிலாகச் சொல்வேன். நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹா ஊர்க்காரர். 2008இல், சூதாட்டம் ஒன்று முடிந்து காரில் உட்கார்ந்திருந்தவரின் தலையை ஒரு தோட்டா உரசிச் சென்றது. தானே காரை ஓட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தார். அதே ஆண்டில் தொழில்முறைக்கு வந்தவர், அதன்பின் ஒருமுறைகூடத் தோற்கவில்லை. இடக்கை நிலையிலும் வலக்கை நிலையிலும் நின்று ஆடியவர், சண்டையின் நடுவிலேயே மாறிக்கொண்டவர். 2023 ஜூலை 29 அன்று லாஸ் வேகஸில் எரோல் ஸ்பென்ஸை அவர் பிரித்து மேய்ந்த விதம் இன்றும் கண்ணில் நிற்கிறது. ஸ்பென்ஸும் அதுவரை தோல்வி காணாதவர், மூன்று பட்டங்களை வைத்திருந்தவர். 2ஆம் சுற்றில் ஒருமுறை, 7ஆம் சுற்றில் இருமுறை கீழே விழுந்தார். 9ஆம் சுற்றில் நடுவர் போதும் என்று நிறுத்தினார். வெல்டர்வெயிட்டின் நான்கு பட்டங்களும் ஒரே தோளில் ஏறின.

இதைவிட என்ன கதை வேண்டும்? எழுந்து வந்த வாழ்க்கை, தோல்வியறியாத கணக்கு, உச்சத்தில் இப்படி ஒரு வெற்றி. எல்லாம் இருந்தும் அதை அமெரிக்க வீடுகளில் நேரலையில் பார்க்க 84.99 டாலர் கட்ட வேண்டியிருந்தது. அந்தப் பணத்தைக் கட்டுபவர் ஏற்கெனவே க்ராஃபோர்டின் ரசிகர். புதிதாக ஒருவர் தற்செயலாகச் சேனலை மாற்றும்போது அவரைக் கண்டு வியக்க வழியே இல்லை.

சுகர் ரே லெனர்டை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1976 மான்ட்ரியால் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றதை நாடே இலவசத் தொலைக்காட்சியில் பார்த்தது. 1977இல் அவருடைய முதல் தொழில்முறைச் சண்டையை இலவசச் சேனலான சிபிஎஸ் ஒளிபரப்பியது. 1979இல் வில்ஃப்ரெட் பெனிட்டஸை வென்று முதல் உலகப் பட்டத்தை எடுத்ததை இன்னொரு இலவசச் சேனலான ஏபிசி காட்டியது. மகனோடு செவன் அப் விளம்பரத்தில் சிரித்தார். லெனர்டின் சிரிப்பு அழகானது, மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சிரிப்பு எல்லா வீட்டுக் கூடத்துக்கும் போய்ச் சேர்ந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இங்கே விவரம் தெரிந்தவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள், நியாயமான கேள்வி. 1971இல் அலியும் ஃப்ரேஸியரும் மோதியதை மக்கள் இலவசமாகவா பார்த்தார்கள்? திரையரங்குகளில் டிக்கெட் வாங்கித்தானே பார்த்தார்கள்? ஆமாம். உச்ச மோதல்கள் அன்றும் காசுக்குத்தான். ஆனால் அந்த உச்சத்துக்கு ஏறும் படிகள் எல்லாருக்கும் திறந்திருந்தன. ஏபிசியில் வர்ணனையாளர் ஹோவர்ட் கோசெலுடன் அலி வாயாடியதற்கு எவரும் கட்டணம் கட்டவில்லை. சாம்பியனாக இருக்கும்போதே 1977 செப்டம்பரில் எர்னி ஷேவர்ஸை அலி எதிர்கொண்டதை என்பிசி இலவசமாகக் காட்டியது. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் நடுவர்களின் புள்ளிகளைத் திரையில் போட்டார்கள். தொலைக்காட்சியில் தெரிந்த அந்தப் புள்ளிகளை அலியின் ஆட்களே பார்த்துச் சொல்ல, தான் முன்னிலையில் இருப்பது தெரிந்தே அவர் கடைசிச் சுற்றுகளை ஆடினார். அடுத்த ஆண்டு லியோன் ஸ்பிங்க்ஸிடம் பட்டத்தை இழந்தது சிபிஎஸ்ஸில், மீட்டது ஏபிசியில். உலகிலேயே மிகவும் புகழ்பெற்ற மனிதரின் பட்டப் போட்டிகள், ஆன்டெனா இருந்த எந்த வீட்டுக்கும் வந்தன.

டைசன் விஷயத்தில் இன்னொன்றும் சேர்ந்தது: எண்ணிக்கை. தொழில்முறைக்கு வந்த 1985இல் மட்டும் 15 சண்டைகள். மறு ஆண்டு நவம்பரில் ட்ரெவர் பெர்பிக்கை வீழ்த்தியபோது வயது 20. இன்றைய முன்னணி வீரர் ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ தடவைதான் மேடை ஏறுகிறார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அதுவும் கட்டணக் கதவுக்குப் பின்னால் தெரியும் முகம் எப்படி மனதில் பதியும்?

அடுத்தது, இவர்கள் பயந்தவர்கள் என்ற குற்றச்சாட்டு. இதில் பாதி உண்மை இருக்கிறது. ஃபிளாய்ட் மேவெதர் 50 சண்டை, 50 வெற்றி என்ற கணக்கையே விற்பனைப் பொருளாக்கியபின், ஒரு தோல்வி வந்தால் சந்தை மதிப்பே போய்விடும் என்ற அச்சம் பலருக்கு வந்தது. ஆனால் க்ராஃபோர்டு - ஸ்பென்ஸ் மோதல் தாமதமானதற்கு இருவரின் நெஞ்சுரத்தைக் குறை சொல்வது தவறு. ஸ்பென்ஸ் 2017இலும் க்ராஃபோர்டு 2018இலும் அந்த எடையில் பட்டம் வாங்கினார்கள். மோதியது 2023இல். இடைப்பட்ட காலத்தின் பெரும்பகுதி க்ராஃபோர்டு டாப் ரேங்க் என்ற போட்டி நடத்தும் நிறுவனத்தின் ஆள், அவர்களுக்கு ஈஎஸ்பிஎன் சேனல். ஸ்பென்ஸ் பிரீமியர் பாக்ஸிங் சாம்பியன்ஸ் பக்கம், அவர்களுக்கு வேறு சேனல்கள். ஒரு புரொமோட்டர் தன் வீரரை அடுத்தவரின் சேனலுக்கு அனுப்ப மனம் வைப்பதில்லை. கால்பந்தில் இரு அணிகளின் உரிமையாளர்களும் ஒத்துக்கொண்டால்தான் போட்டி என்று விதி இருந்தால் உலகக் கோப்பையே நடந்திருக்காது.

இதோடு பட்டங்களின் பெருக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள். டபிள்யூபிஏ, டபிள்யூபிசி, ஐபிஎஃப், டபிள்யூபிஓ என நான்கு அமைப்புகள், ஆண்களுக்கு நான்கும் பொதுவாக ஏற்கும் 17 எடைப்பிரிவுகள். இடைக்கால, துணைப் பட்டங்களை விட்டுவிட்டாலும் ஒரே நேரத்தில் 68 உலகப் பட்டங்கள். 1999இல் லெனாக்ஸ் லூயிஸ் மறுக்க முடியாத ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். அடுத்து அந்தப் பெயரை எடுத்தவர் ஒலெக்ஸாண்டர் உசிக், 2024 மே மாதம் ரியாத்தில். கால் நூற்றாண்டு, யார் சாம்பியன் என்ற எளிய கேள்விக்கு ஒரே பதில் இல்லை.

யூஎஃப்சி இடத்தைப் பிடித்துக்கொண்டது என்பவர்களுக்கு இரண்டு செய்திகள். அந்த நிறுவனம் தலையெடுத்ததே 2005இல் ஸ்பைக் சேனலில் கூடுதல் கட்டணமின்றி வந்த ஒரு ரியாலிட்டி தொடரால். 2025 ஆகஸ்டில் பாரமவுண்டுடன் ஏழாண்டுகளுக்கு 770 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டபோது, அமெரிக்காவில் சண்டைக்குச் சண்டை காசு வாங்கும் முறையையே அது கைவிட்டது. குத்துச்சண்டையைத் தோற்கடித்ததாகச் சொல்லப்படும் போட்டியாளரே கதவைத் திறந்துவிட்டார். போதாததற்கு, அதன் மிகப் பெரிய நட்சத்திரமான கோனர் மெக்ரெகரின் பெயர் பெற்ற பெருஞ்சம்பளம் 2017இல் குத்துச்சண்டை மேடையில், மேவெதரிடம் தோற்றபோது வந்தது.

ரசனை மாறிவிட்டது என்ற வாதம் இவற்றில் மிகவும் பலவீனமானது. 2024 நவம்பரில் 58 வயது டைசனும் ஜேக் பாலும் மோதியதை 6 கோடி வீடுகள் பார்த்ததாக நெட்ஃபிளிக்ஸ் அறிவித்தது. விளையாட்டாக அது நல்ல சண்டை இல்லை. இருந்தாலும் ஜேக் பால் எங்கே வளர்ந்தவர் என்பதைக் கவனியுங்கள்: யூடியூபில். காசில்லாத திரையில் சேர்த்த புகழைக் கையில் எடுத்துக்கொண்டு மேடைக்கு வந்தார். 2025 செப்டம்பரில் கனெலோ அல்வாரெஸை க்ராஃபோர்டு வென்றபோது நெட்ஃபிளிக்ஸ் சொன்ன பார்வையாளர் எண்ணிக்கை 4 கோடிக்கு மேல். அது தனிக் கட்டணமின்றி மாதச் சந்தாவுக்குள் வந்தது. அதே க்ராஃபோர்டு, அதே அமைதியான முகம், வயது 37. இரண்டு ஆண்டுகளில் அவருக்குப் புதிதாக ஈர்ப்பு முளைத்துவிட்டதா?

கதவு மூடாத நாடுகளில் நட்சத்திரங்கள் குறையவும் இல்லை. கனெலோவின் பல சண்டைகள் மெக்ஸிகோவில் இலவசச் சேனலில் வந்தன, அங்கே அவரைத் தெரியாதவர் இல்லை. பிலிப்பைன்ஸில் மேனி பக்கியாவோவின் சண்டைகள் தாமதமாகவேனும் சாதாரணத் தொலைக்காட்சிக்கு வந்துவிடும். அவர் 2016இல் செனட்டர் ஆனார், 2022இல் அதிபர் தேர்தலிலும் நின்றார்.

கட்டண முறை பணம் தந்தது உண்மை. 2015இல் மேவெதர் - பக்கியாவோ சண்டையை 46 லட்சம் பேர் வாங்கினார்கள், விலை ஏறத்தாழ 100 டாலர். உயிரைப் பணயம் வைக்கும் வீரர்கள் அந்தப் பணத்தை விரும்புவதில் தவறும் இல்லை. ஆனால் அந்த 46 லட்சம் பேரைச் சம்பாதித்துத் தந்தது முந்தைய தலைமுறையின் திறந்த திரை. அந்தச் சேமிப்பைச் செலவழித்தவர்கள், திரும்ப எதையும் போட்டு வைக்கவில்லை. அமெரிக்க ஆண் வீரர் ஒருவர் ஒலிம்பிக் தங்கம் வென்றது 2004இல் ஆந்த்ரே வார்டோடு நின்றுபோனது. லெனர்டைத் தூக்கிவிட்ட அந்தப் பெரிய இலவச மேடையும் கைநழுவியது.

2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் குத்துச்சண்டை உண்டு. அங்கே வெல்பவர்களின் முதல் சண்டைகளையாவது எல்லாரும் பார்க்கும் சேனலில் போடுங்கள் என்பதே புரொமோட்டர்களிடம் நம் கோரிக்கை. வாசகர்களிடம் கேட்பது அதைவிடச் சிறியது: இந்தக் காலத்து வீரர்களுக்குக் கவர்ச்சி இல்லை என்று இனி யாராவது சொன்னால், க்ராஃபோர்டு - ஸ்பென்ஸ் சண்டையைப் பார்த்தீர்களா என்று கேளுங்கள்.